எட்டாம் சித்தி கடையின் முதல் போணி

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் சித்தி கடைக்குச் சாப்பிடப் போகவில்லை. எட்டு மாதமாகத் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு அங்கே போனது ஊர் நன்மைக்காக. போன இடத்தில் ஒரு கிண்ணம் ஹூ தியூவும், ஒரு மூட்டெலும்பும், ஐஸ் போட்ட காப்பியும் என் வாய்க்குள் போயின. அது வேறு. கோயிலுக்குப் போகிறவன் கையில் பிரசாதம் விழத்தான் செய்யும். அதற்காக அவன் சுண்டல் தின்னப் போனான் என்று சொல்லலாமா?

மியென் சொன்னாள். மியென் என் மனைவி.

எங்கள் சா டெக் ஊரில் மனிதர்களுக்குப் பெயர் ஒப்புக்குத்தான். பிறந்த வரிசைதான் கூப்பிடுகிற பெயர். நான் ஐந்தாமவன், அதனால் ஊருக்கு அஞ்சு. கடைக்காரம்மா எட்டாமவள். என் அம்மா வயதுக்குக் கொஞ்சம் கீழே, அதனால் எட்டாம் சித்தி. ஹூ தியூவுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. அரிசி நூலை வெந்நீரில் முக்கி எடுத்து, பன்றி இறைச்சித் துண்டை மேலே வைத்து, எலும்புச் சாற்றை ஊற்றிக் கொடுக்கத் தெருமுனைக்கு ஒருவர் இருக்கிறார். ஆனால் சித்தியின் சாறு வேறு ஜாதி. எலும்பும் காய்ந்த கணவாயும் முள்ளங்கியும் மணிக்கணக்கில் சத்தமில்லாமல் கொதித்த சாறு. அந்தப் பானையின் முதல் கரண்டி இருக்கிறதே, அது கண்ணாடி. கிண்ணத்தின் அடியில் கிடக்கும் வெங்காயத்தாளை எண்ணிவிடலாம். ஏழு மணிக்கு மேல் சித்தி வெந்நீர் சேர்க்க ஆரம்பிப்பாள். எட்டு மணிக்கு அது சாறு இல்லை, சாறு குளித்த தண்ணீர்.

எனக்குப் படகுத்துறையில் வேலை. ஏழு மணிக்கு முதல் படகு. அப்புறம் மதியம் இரண்டு வரை இக்கரை வண்டியை அக்கரைக்கும் அக்கரை வண்டியை இக்கரைக்கும் ஏற்றி இறக்க வேண்டும். இரண்டு மணிக்கு சித்தி பானையைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள். ஆக, எனக்குக் கிடைப்பது முதல் கிண்ணம் அல்லது பூஜ்யம்.

இதற்குக் குறுக்கே வந்தது சோளம். எங்கள் மகள். பதிவேட்டில் அவளுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, வீட்டில் சோளம். இப்போது பதின்மூன்று மாதம். எடை ஒன்பது கிலோ, அதில் எட்டு கிலோ பிடிவாதம். அவளுக்குக் கஞ்சி ஆரம்பித்த அன்றே மியென் சொன்னாள்.

"சோளத்தப்பா, காலையில நீங்க இவளுக்குக் கஞ்சி குடுங்க. நான் துணியை அலசிப் போட்டுட்டுச் சந்தைக்கு ஓடிட்டு வந்துடறேன்."

நியாயமான வேண்டுகோள். அதனால்தான் ஆபத்தானது. அநியாயமாக ஏதாவது கேட்டால் சண்டை போடலாம். நியாயமாகக் கேட்கிற பெண்டாட்டியை என்ன செய்வது?

நல்லவேளை, அந்த வாரம் எனக்கு ஒரு ராசி வந்து சேர்ந்தது. வியாபாரிகளுக்குப் போணி என்றால் உயிர். அன்றைக்கு முதலில் கடைக்குள் காலை வைக்கிறவன் ராசிக்காரனாக இருந்தால் பானை காலி. ராசி கெட்டவனாக இருந்தால் பானைக்குத் துணையாக ஈ. அவன் போன பிறகு அவன் முதுகுப் பக்கம் காகிதம் கொளுத்தி அந்தப் பீடையைக் கழிப்பார்கள். ஒரு நாள் நான் போணி பண்ணினேன். அரைமணி நேரத்தில் பெண் வீட்டுக் கல்யாண பஸ் ஒன்று சித்தி கடை வாசலில் பஞ்சரானது. நாற்பத்திரண்டு பேர் இறங்கினார்கள். ஏழரைக்குப் பானையில் எலும்புகூட மிச்சமில்லை. மறுநாள் காலை சித்தி என்னைப் பார்த்த பார்வையில் ஊதுபத்தி வாசனை அடித்தது.

அந்தப் பார்வையை நான் வீணாக்கவில்லை. "சித்தி, எனக்கு ஆசைதான். ஆனா வீட்டுல விடமாட்டா. நீங்களே வந்து ஒரு வார்த்தை சொன்னா நல்லது" என்றேன். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் நானே சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் சித்தி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, மியென் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் புருஷன் கால்ல லட்சுமி இருக்காம்மா. காலையில மட்டும் எனக்குக் கடனாக் குடு. எங்க வயித்துப் பொழைப்பு."

மியென் என்னைப் பார்த்தாள். வாழைப்பழத்தைப் பார்த்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் தலையாட்டினாள். அவள் அப்படித் தலையாட்டினால் பயப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எட்டு மாதம் நான் ராஜா. நீலப் பிளாஸ்டிக் முக்காலிதான் சிம்மாசனம். முழங்கால் உயரம்கூட இல்லாத சிம்மாசனம். அதனாலென்ன? என் முன்னால் முதல் கரண்டி. பக்கத்தில் துளசி, முளைக்கீரை, பிழிந்துகொள்ள எலுமிச்சை, பச்சை மிளகாய் மிதக்கும் மீன் சாறு. சித்தி தானே தேர்ந்தெடுத்த மூட்டெலும்பு. அதற்குள்ளிருந்து நான் உறிஞ்சுகிற ஓசை பாலம் வரை கேட்கும் என்பார்கள்.

போன மாதக் கடைசியில் ஒரு நாள் சைக்கிளில் ஒரு காலை வைத்திருந்தேன்.

"ஏங்க, ஒரு விஷயம் பேசணும்."

"வந்து பேசிக்கலாம் மியென். போணி நேரம்."

மறுநாளும் அப்படியே. "ஏங்க, நேத்துச் சொல்ல வந்தேனே." "வந்து கேக்கிறேன். சித்தி காத்துக்கிட்டிருப்பாங்க." அதற்கு மறுநாள் அவள் வாசல்வரை வந்தாள். நான் தெருமுனை வரை போயிருந்தேன். மத்தியானம் வந்து கேட்டேனா என்றால், வெயிலில் மறந்துவிட்டேன். மிக்ஸி ரிப்பேராக இருக்கும் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். புது மாதம் பிறந்த முதல் வாரத்தில் வியாபாரிகளுக்கு ராசி பயம் இரண்டு மடங்கு. என் மவுசும் இரண்டு மடங்கு. நான் சீட்டி அடித்துக்கொண்டே போய் சைக்கிளை நிறுத்தினேன். கடைக்குள் வலது காலை வைத்தேன். இல்லை, வைக்கப் போனேன். கால் காற்றிலேயே நின்றது. எதிரே ஒரு கரண்டி நின்றது.

"அஞ்சு, அங்கயே நில்லுப்பா" என்றாள் எட்டாம் சித்தி.

"ஏன் சித்தி, தரை கழுவியிருக்கீங்களா?"

"தரை நல்லாத்தான் இருக்கு. நீ நில்லு."

"எவ்வளவு நேரம்?"

"யாராவது ஒருத்தர் வந்து சாப்பிடுற வரைக்கும்."

"அந்த ஒருத்தன் நான்தானே சித்தி?"

"நேத்து வரைக்கும்."

"சித்தி, நான் அஞ்சு. கல்யாண பஸ் அஞ்சு."

"தெரியும்ப்பா. உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. நீ தங்கமான பையன். அந்தச் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்னு தங்கமா இரு."

"நான் என்ன தப்புப் பண்ணேன்?"

சித்திக்கு வெட்கம் வந்துவிட்டது. முந்தானை இல்லாத குறைக்குக் கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டாள். "அதை என் வாயால எப்படிச் சொல்றது. வீட்டுல போய்க் கேளு."

பின்னால் ஏதோ கருகும் வாசனை. திரும்பினேன். சித்தியின் வீட்டுக்காரர், எட்டாம் சித்தப்பா, என் முதுகுக்குப் பின்னால் குனிந்து காகிதம் கொளுத்திக்கொண்டிருந்தார். அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, எரிகிற காகிதத்தை என் நிழல் மேல் மூன்று முறை ஆட்டினார். எட்டு மாதம் ஒரு பானையை வாழவைத்தவனுக்கு இந்த மரியாதை. அதுவும் நேற்றைய பேப்பர். புதுப் பேப்பர் செலவழிக்கக்கூட நான் தகுதியில்லை.

பசி ரோஷத்தைவிடப் பெரியது. எதிர்த்தெரு நொய்ச்சோற்றுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பாதி திறந்த ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டார். உள்ளிருந்து, "இன்னிக்குக் கடை லீவு" என்று குரல் வந்தது. கூடவே கறி வறுபடும் ஓசையும் வந்தது. ரொட்டி வண்டிக்காரி ஹன், என் கூடப் படித்தவளின் தங்கை, என்னைக் கண்டதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

"ஹன், ஒரு ரொட்டிதான் கேக்கிறேன்."

"யாருக்காவது ஒண்ணு வித்துட்டு வர்றேண்ணே. கிட்ட வராதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பாலம் வரை ஓடினோம். அவள் வண்டிக்குச் சக்கரம் இருந்தது. என்னிடம் இல்லை. சைக்கிளை சித்தி கடை வாசலில் விட்டிருந்தேன்.

கடைசியில் கான் காப்பிக்கடைதான் கதி. அங்கே ஏற்கெனவே நாலு பேர் உட்கார்ந்திருந்ததால் என்னை யாரும் விரட்டவில்லை. கான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"வாழ்த்துகள் அண்ணே."

"எதுக்குடா?"

"எதுக்கா? அண்ணி முழுகாம இருக்காங்கல்ல. சந்தையே பேசுது. மாங்காயா வாங்குறாங்களாம், மீன்காரி முன்னால மூக்கைப் பொத்திக்கிறாங்களாம்."

நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அதான் சித்தி உங்களை உள்ள விடல" என்றான் கான். "பொண்டாட்டி மாசமா இருக்கிற ஆம்பளை போணி பண்ணா, அந்தக் கடை அன்னிக்கு விளங்குமா? நீங்களே சொல்லுங்க. தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, நீங்க நாலு பேருக்கு அப்புறம் வந்தது எனக்கே ஒரு நிம்மதி."

அப்புறம் ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. ஆஹா. மியென். எதிர்த்துப் பேசாமல் தலையாட்டின மியென். காலை வேளையில் என்னை வீட்டில் கட்டிப்போட, சந்தையில் ஒரு புரளியைக் கிளப்பிவிட்டிருக்கிறாள். கட்டின புருஷனுக்குத் தெரியாமல் ஊருக்கு மட்டும் தெரிகிற கர்ப்பம் உலகத்தில் உண்டா?

வீட்டுக்குள் புயலாக நுழைந்தேன். மியென் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டு பச்சை மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். சோளம் தரையில் உட்கார்ந்து அகப்பையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"சந்தையில என்ன பொய் சொல்லி வெச்சிருக்கே?"

"நான் ஒரு பொய்யும் சொல்லலீங்களே."

"மாங்காய் வாங்கினியா?"

"வாங்கினேன். மாங்காய் வாங்குறது குத்தமா?"

"மீன்காரி முன்னால மூக்கைப் பொத்தினியா?"

"மீன் நாறுச்சு, பொத்தினேன்."

"ஊரு அதை வெச்சு என்ன நினைக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"ஊரு நினைக்கிறதுக்கு நான் என்ன செய்ய? நீங்க கேள்வியைச் சரியாக் கேளுங்க, நான் பதில் சொல்றேன்."

"சரியாத்தான் கேக்கிறேன். எதுக்கு இந்த நாடகம்?"

அவள் மாங்காய்க் கொட்டையை வைத்துவிட்டு, பூசணிக்கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "வந்ததுதான் வந்தீங்க. படகுக்கு இன்னும் முக்கால் மணி இருக்கு."

சோளம் என்னைப் பார்த்தது. புது ஆள் என்று தெரிந்துகொண்டது. முதல் கரண்டியை வாயில் வாங்கிக் கன்னத்தில் சேமித்தது. இரண்டாவதையும் சேமித்தது. மூன்றாவதுக்கு நான் "சமத்துக்குட்டி" என்று குனிந்தபோது சேமிப்பு மொத்தத்தையும் என் முகத்தில் திருப்பிக் கொடுத்தது. அரை மணி நேரத்தில் நாலு கரண்டி உள்ளே போனது. அதில் இரண்டு என் உள்ளே. அன்று படகில் ஒரு பெரியவர் என் காதைக் காட்டி, "தம்பி, பூசணிக்காய்" என்றார்.

நான் தோற்கிறவன் இல்லை. போணிதானே தடை? இரண்டாவது ஆளாகப் போனால் என்ன? மறுநாள் ஐந்தரைக்கே சித்தி கடைக்கு எதிர்ச்சாரியில் பாதாம் மரத்தடியில் போய் நின்றேன். யாராவது ஒருவர் முதல் கிண்ணத்தைத் தின்றதும் பாய்வதாக ஏற்பாடு. முதல் கரண்டி போனாலும் இரண்டாம் கரண்டி மோசமில்லை.

முதலில் தையல்காரர் ஸ்கூட்டரில் வந்தார். என்னைப் பார்த்தார். ஸ்கூட்டரை அப்படியே வளைத்துத் திரும்பிவிட்டார். அப்புறம் லாட்டரிச் சீட்டு விற்கிற அம்மா. ராசி பார்ப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. என்னைக் கண்டதும் கையிலிருந்த சீட்டுக்கட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, நடந்து வந்த வேகத்துக்கு இரண்டு மடங்கு வேகத்தில் போனார். பள்ளிக்கூட வாத்தியார், படித்தவர், இதையெல்லாம் நம்பாதவர். அவர் திரும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நேரே போய்விட்டார், கடையையும் தாண்டி.

ஆறரைக்கு எட்டாம் சித்தி தெருவைத் தாண்டி வந்தாள். ஐந்து முழம் தள்ளி நின்றாள்.

"அஞ்சு, உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

"ஒரு கிண்ணம் குறை வெச்சீங்க சித்தி."

"இங்க நிக்காதப்பா. பானை நெறஞ்சபடியே இருக்கு."

"நான் கடைக்குள்ள வரலையே. மரத்தடியில நிக்கிறேன். மரம் உங்களுதா?"

சித்தி பெருமூச்சு விட்டாள். "இங்க பாரு. முதல் கரண்டியை நான் வீட்டுக்கே அனுப்பிடறேன். மூட்டெலும்போட. அது போணி இல்ல, தானம். அதனால தோஷம் இல்ல. தினமும் ஆறு மணிக்கு வந்துடும். நீ மட்டும் இந்தத் தெருப்பக்கம் வராதே."

வெற்றி. சைக்கிள் மிதிக்க வேண்டாம். முக்காலி வேண்டாம். முதல் கிண்ணம் என் வீட்டு மேஜைக்கு. அன்று படகில் நான் எல்லாருக்கும் சிரித்து வணக்கம் சொன்னேன்.

மறுநாள் ஆறு மணிக்குத் தலைவாரி, சட்டை போட்டு, கைக்குட்டையைக் கழுத்தில் சொருகி, இரண்டு குச்சிகளையும் கையில் பிடித்து உட்கார்ந்திருந்தேன். எட்டாம் சித்தப்பா தூக்குப்பாத்திரத்தோடு வந்து சைக்கிளை நிறுத்தினார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய் அதை மியென் கையில் கொடுத்தார்.

"மாசமா இருக்கிற பொண்ணு கையில குடுக்கச் சொன்னா" என்றார். எட்டு மாதத்தில் நான் கேட்ட அவருடைய முதல் வாக்கியம். சைக்கிளில் ஏறினவர் என்னைத் திரும்பிப் பார்த்து இரண்டாவது வாக்கியத்தையும் சொன்னார். "எங்க வீட்டுலயும் இப்படித்தான் தம்பி ஆரம்பிச்சுது."

மியென் மூடியைத் திறந்தாள். அந்த வாசனை. அந்தக் கண்ணாடிச் சாறு. என் கையிலிருந்த குச்சிகளை மெதுவாக உருவி எடுத்துக்கொண்டாள்.

"மியென், ஒரு வாய்."

"பாதி எனக்கு. பாதி சோளத்தோட தம்பிக்கோ தங்கச்சிக்கோ. உங்களுக்குத்தான் கஞ்சி இருக்கே. சோளம் எப்படியும் மிச்சம் வெப்பா."

"இல்லாத பிள்ளைக்கு ஹூ தியூவா?"

"இல்லேன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரி" என்று மூட்டெலும்பைக் கையில் எடுத்தாள். என் எலும்பு. அவள் உறிஞ்சின ஓசை பாலத்தையும் தாண்டிப் போயிருக்கும்.

நாலு நாள் இப்படியே நடந்தது. நாலு நாளும் நான் பூசணிக்கஞ்சி, கேரட் கஞ்சி, கீரைக்கஞ்சி, மறுபடி பூசணி. ஐந்தாம் நாள் எனக்கு வார லீவு. இனி பொறுப்பதில்லை என்று எழுந்தேன். உண்மையைப் போட்டு உடைத்துவிட வேண்டும். அதுவும் ஒருத்தரிடம் இல்லை, ஊர் மொத்தத்திடமும்.

எட்டரைக்கு சித்தி கடை நிரம்பி வழிந்தது. போணி எப்போதோ முடிந்திருந்ததால் யாரும் தடுக்கவில்லை. தையல்காரர், லாட்டரி அம்மா, வாத்தியார், ஹன், எல்லாரும் இருந்தார்கள். நான் நடுவில் போய் நின்று தொண்டையைச் செருமினேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. என் பொண்டாட்டி மாசமா இல்ல."

உறிஞ்சுகிற ஓசைகள் நின்றன.

"ஒரு வாரமா ஊரே தப்பா நினைச்சுக்கிட்டிருக்கு. அப்படி எதுவும் இல்ல. இருந்தா முதல்ல எனக்குத்தானே தெரியணும்? எனக்குத் தெரியாம எப்படி ஒரு பிள்ளை வரும்?"

தையல்காரர் குச்சியைக் கீழே வைத்தார். லாட்டரி அம்மா ஹன் காதில் ஏதோ சொன்னார். ஹன் வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டாம் சித்தி கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அஞ்சு, நீ என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? தங்கம் மாதிரிப் பொண்ணு. அவளைப் பத்தி நடுக்கடையில நின்னு இப்படி ஒரு வார்த்தை சொல்லலாமா?"

அப்போதுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. "ஐயோ சித்தி, நான் அந்த அர்த்தத்துல சொல்லல. பிள்ளையே இல்லேன்னுதான் சொல்றேன்."

மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு முதுகு திரும்பியது. ஆஸ்பத்திரிப் பிரசவ நர்ஸ் லியூ. சோளத்தை வெளியே இழுத்துப் போட்டவர். வாயிலிருந்த நூலை நிதானமாக மென்று விழுங்கினார்.

"பத்து வாரம்" என்றார். "நான்தான் பாத்தேன். இதயம் நல்லாத் துடிக்குது. ஏன்டாப்பா, உன் பொண்டாட்டி உன்கிட்ட சொல்லலையா?"

நான் உட்கார்ந்தேன். எங்கே என்று பார்க்கவில்லை. நல்லவேளை ஒரு முக்காலி இருந்தது. எட்டாம் சித்தப்பா ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எட்டரை மணிச் சாறு. அதில்கூட ஒரு மூட்டெலும்பு தேடிப் போட்டிருந்தார். ஒரு பிள்ளை. இதயம் துடிக்கிறது. பத்து வாரமாக. நான் குச்சியைக் கையில் பிடித்தபடியே இருந்தேன். நூல் ஊதிப் பெருத்துக் கிண்ணத்தை நிரப்பியது. என் வாழ்நாளில் ஹூ தியூ என் முன்னால் ஊறிப்போனது அன்று ஒரு நாள்தான்.

வீட்டுக்கு நடந்தே போனேன். மியென் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த சின்னச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள்.

"லியூ அக்காவைப் பாத்தீங்களா?"

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"மூணு நாள் காலையில சொல்ல வந்தேன். 'வந்து கேக்கிறேன்'னீங்க. வந்து கேப்பீங்கன்னு மூணு நாள் மத்தியானமும் காத்திருந்தேன். கேட்டீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். மிக்ஸி என்று நினைத்தேன் என்பதைச் சொல்லவில்லை.

"சரி, இவரு காது எங்க இருக்கோ அங்க போய்ச் சொல்லுவோம்னு முடிவு பண்ணேன்" என்றாள். "ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கிட்டு சித்தி வீட்டுக்கே போனேன். அன்னிக்கு அவங்க நம்ம வீட்டுக்கு வந்து, உங்களைக் கடனாக் கேட்டாங்கல்ல? மரியாதைக்கு நானும் போய், 'கடனைத் திருப்பிக் குடுங்க சித்தி, நான் முழுகாம இருக்கேன்'னு சொன்னேன்."

"நீயேவா சொன்னே?"

"நானேதான். 'அவரு சும்மா இருக்க மாட்டாரு, ரெண்டாவது ஆளா வர்றேன்னு எதிர்ல வந்து நிப்பாரு, பொறுத்துக்குங்க'ன்னும் சொன்னேன். சித்தி பயந்துட்டாங்க. 'அப்ப என்னடி பண்றது'ன்னாங்க. 'முதல் கரண்டியை வீட்டுக்கு அனுப்பிடுங்க, வராம நான் பாத்துக்கறேன்'னு சொன்னேன்."

பாதாம் மரத்தடியில் நான் சம்பாதித்த வெற்றி. அது எனக்கு முன்னாலேயே சமைத்து, மூடி, ஆறவைக்கப்பட்டிருந்தது.

"மியென், அது என் கிண்ணம்" என்றேன்.

"உங்க பிள்ளையும்தான்" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சோப்பு வாசனை அடித்தது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கரித்தது. அப்புறம், மனுஷ புத்திதானே, மெதுவாகக் கேட்டேன்.

"எப்பலேருந்து நான் மறுபடி போணிக்குப் போலாம்?"

"பிள்ளை பொறக்க ஏழு மாசம். பச்சை உடம்புக்காரி வீட்டு ஆம்பளையும் ஆகாதாம், ஒரு மாசம் முடிஞ்சு விருந்து வெக்கிற வரைக்கும். ஆக எட்டு மாசம். அன்னிக்குக் கடன் வாங்கினதும் எட்டு மாசம்தானே? சித்தியே சொன்னாங்க, கணக்கு நேராயிடுச்சுன்னு."

"அதுக்கப்புறம் போலாமா?"

"தாராளமா. ரெண்டு பேருக்கும் கஞ்சி குடுத்துட்டுப் போங்க."

இப்போதும் எட்டாம் சித்தி கடையின் முதல் கிண்ணத்துக்கும் எனக்கும் உள்ள உறவு விட்டுப்போகவில்லை. தினமும் காலை ஆறரைக்கு அதை நான்தான் கழுவி வைக்கிறேன்.